பாலம் தாண்டி மூணாவது வீடு

அகராதி ஆபீசில் அவருக்கு முன்னால் எல்லோரும் 'சார்' என்பார்கள். முதுகு திரும்பியதும் 'கத்தரி'. அந்தப் பட்டப்பெயரில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. யார் எதை எழுதி நீட்டினாலும் சிவப்புப் பேனாவால் பாதியை வெட்டித் தள்ளிவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுப்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூடப் பிழை திருத்திவிட்டுத்தான் வாழ்த்துச் சொல்வார். முப்பது வருஷ சர்வீஸ், மூக்குக்கு மேல் கோபம், இதுதான் மனுஷர்.

ஆபீஸ் ஒரு பெயிண்ட் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. மூன்று அறைகள், சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள், எந்நேரமும் டர்பன்டைன் வாசனை. ஐரோப்பிய மொழிகளில் ஒரே மாதிரி எழுதப்பட்டு ஊருக்கு ஊர் வேறு அர்த்தம் சொல்லும் குட்டிச் சொற்களுக்குத் தமிழில் ஓர் அகராதி, அதுதான் அங்கே வேலை. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஓர் உதாரண வாக்கியம் வேண்டும். அதை ஆபீசில் உட்கார்ந்து யோசித்து எழுதக்கூடாது, வெளியே வாழ்கிற ஜனங்கள் பேசுகிற பேச்சாக இருக்கவேண்டும் என்பது கத்தரியின் பிடிவாதம். அதனால் சந்தாதாரர்கள், வாத்தியார்கள், நூலகங்கள் என்று நானூறு பேருக்குச் சுற்றறிக்கை போகும். எழுத ஆசைப்பட்ட யாரும் எழுதலாம். பதில்கள் தபாலில் வந்து குவியும்.

வந்த பதிலை டைப்பிஸ்ட் பிரிப்பாள். பெயர், முகவரி எல்லாம் அவளுடைய பேரேட்டில் ஏறும். வாக்கியத்தை மட்டும் ஒரு அட்டையில் டைப் அடித்து, மூலையில் ஓர் எண் போட்டு, தேதி முத்திரை குத்தி, கத்தரியின் மேசைக்கு அனுப்புவாள். பெயர் அவர் கண்ணில் படவே கூடாது.

"எழுதினது யாருன்னு தெரிஞ்சா தீர்ப்பு கெட்டுப்போகும். தெரிஞ்சவன்னா கை இளகும், ஆகாதவன்னா கை ஓங்கும். எனக்கு வாக்கியம் போதும்," என்பார். அந்த விதியைப் போட்டதே அவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைகனமும் உண்டு. "ஒரே ஒரு வரி குடுங்க, எழுதினவன் என்ன வேலை பாக்கறவன், வயசு என்ன, வீட்ல யாரு அதட்டுறவங்க, எல்லாம் சொல்றேன்," என்று சவால் விடுவார். பல தடவை சொல்லியும் இருக்கிறார். ஒருமுறை ஓர் அட்டையைப் பார்த்து, "இது தையல்காரன் எழுதினது" என்றார். பேரேட்டைப் புரட்டினால் நிஜமாகவே தையல்காரர். டைப்பிஸ்ட் வாயைப் பிளந்துவிட்டாள்.

பிடித்த அட்டையில் 'ஏற்பு' என்று எழுதுவார். எழுதியவருக்கு அச்சடித்த நன்றி அட்டை ஒன்று போகும்: 'தங்கள் வாக்கியம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.' கீழே கத்தரியின் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். பிடிக்காத அட்டையில் 'தள்ளுபடி' என்று எழுதி, ஒரு வரியில் காரணமும் எழுதுவார். அதற்குப் பதில் கிடையாது. அது மேசைக்குக் கீழே இருக்கும் செருப்புப் பெட்டிக்குப் போகும். பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் வீணாக்க மனசு வராமல் மாதம் ஒரு கட்டு எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். அவர் மனைவி அதில் மளிகைச் சாமான் எழுதுவாள்.

வீட்டில் இப்போது அவரும் மனைவியும்தான். ஒரே மகள். ஐந்து வருஷமாக அவள் அங்கே இல்லை.

அந்த மகளும் அதே ஆபீசில்தான் டைப்பிஸ்டாக இருந்தாள். அப்பாவும் பெண்ணும் சேர்ந்தே போவார்கள், சேர்ந்தே வருவார்கள். சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு ஐஸ் வாங்கிக் கொடுப்பார். அவளுக்குத் தொண்டை ஆகாது, ஐஸ் தொட்டால் மூன்று நாள் இருமல். அதனால் வீட்டில் தடை. தின்று முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்பாள். ஆறு வயதில் சொன்னதை இருபத்து நாலு வயதிலும் அதே ரகசியக் குரலில் சொன்னாள். அவர் சிரிக்காதது மாதிரி சிரிப்பார்.

ஆபீசுக்குப் பேப்பர் ரீம் இறக்க வரும் லாரி டிரைவரை அவளுக்குப் பிடித்திருந்தது. நல்ல பையன். அதில் கத்தரிக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஆபீசில் ப்யூன் வரைக்கும் தெரிந்த சங்கதி தன் காதுக்குக் கடைசியாக வந்தது என்பதை அந்த மனுஷரால் தாங்க முடியவில்லை. அவள் வந்து சொன்னபோது, "எல்லார்கிட்டயும் சொல்லி முடிச்சிட்டு என்கிட்ட ஒப்புக்குக் கேக்கறியா?" என்று ஆரம்பித்தவர், அவள் பெட்டியோடு வாசலில் நிற்கும் வரை நிறுத்தவில்லை.

"இனி உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. இந்த வீட்டு முகவரிக்கு உன் எழுத்து ஒண்ணு வந்தாலும் பிரிக்காம திருப்பி அனுப்பிடுவேன். உங்கம்மா மேல சத்தியம்."

அவள் அழுகையை விழுங்கிக்கொண்டு, "ஆபீசுக்கு?" என்றாள்.

"ஆபீசுக்கு வேலை விஷயமா ஊரே எழுதுது. நீயும் எழுதிக்கோ. யாரு வேணாம்னா?"

குத்தலாகச் சொன்னதுதான். சொன்ன மறுநாளே அவர் அதை மறந்துவிட்டார். பிடிவாதத்தில் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த அந்தப் பெண் மறக்கவில்லை.

முதல் வருஷம் வீறாப்பில் போயிற்று. இரண்டாம் வருஷத்திலிருந்து அவருக்கே உள்ளுக்குள் அரிக்க ஆரம்பித்தது. சத்தியமாவது மண்ணாவது, ஒரு கடுதாசி வந்தால் போதும், திருப்பி அனுப்பவெல்லாம் மாட்டோம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எந்த ஊர், எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. பேப்பர் கம்பெனியில் விசாரித்தால், அந்த டிரைவர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். தினமும் அவர் செருப்பைக் கழற்றும்போதே மனைவி கேட்பாள்: "ஏதாச்சும் வந்துச்சாங்க?"

"வந்தா சொல்ல மாட்டேனா?" என்று எரிந்து விழுவார். பிறகு அந்த எரிச்சலுக்கு வெட்கப்பட்டு அவளுக்குக் காய்கறி நறுக்கிக் கொடுப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் 'மோஸ்ட்' அவர் மேசைக்கு வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் நாலே எழுத்துச் சொல். ஆங்கிலத்தில் 'எல்லாவற்றிலும் அதிகம்'. போலிஷிலும் செக்கிலும் அதே நாலு எழுத்துக்குப் 'பாலம்'. ஜெர்மனில் அப்போதுதான் பிழிந்த பழச்சாறு. ஹங்கேரியனில் 'இப்போது'. பார்த்தவர்கள் எல்லோரும் இது ஒரே வேரில் கிளைத்ததாகத்தான் இருக்கும் என்று கதை கட்டுவார்கள். கத்தரிக்கு அந்தப் பேச்சே ஆகாது. ஜெர்மன்காரன் லத்தீனிலிருந்து கொண்டுவந்தான், அங்கே அதற்குப் 'புதுசு' என்று பொருள். ஆங்கிலச் சொல் 'அதிகம்' என்ற சொல்லுக்குக் கூடப்பிறந்தது. பாலம் பழைய ஸ்லாவியச் சொல், அதற்கு மேலே போனால் பண்டிதர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஹங்கேரியன் அந்தக் குடும்பமே கிடையாது. நாலு வீட்டுப் பிள்ளைகள் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு நிற்கிற கதைதான். அட்டையின் தலையில் பெரிதாக எழுதி வைத்தார்: 'ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.' அவருக்குப் பிடித்த வாக்கியம் அது.

நாலு அர்த்தமும் ஒரே சமயத்தில் தயாராகவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சுற்றறிக்கை போயிற்று.

முதலில் 'பாலம்'. அறுபது அட்டை வந்தது. எல்லாம் பள்ளிக்கூடத்துப் புத்தகம் மாதிரி, 'ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினர்' ரகம். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐம்பத்தொன்றாவது அட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

'பாலம் தாண்டி மூணாவது வீடு, பச்சைக் கதவு, மாடிப்படி ஏறும்போது தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க.'

"இதுதான்யா பேச்சு!" என்று மேசையைத் தட்டினார். 'ஏற்பு' என்று எழுதி அடிக்கோடு போட்டார். சாயங்காலம் மனைவியிடமும் சொல்லிக் காட்டினார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தி, "யாரோ யாரையோ வரச்சொல்லிக் கூப்பிடுற மாதிரி இல்ல?" என்றாள்.

"உனக்கு எதை எடுத்தாலும் அப்படித்தான். எழுதினது பொம்பளை, வாடகை வீடு, வீட்டுக்காரர் உயரமானவர். அவ்வளவுதான்." எல்லாம் சரி. உயரம்கூடச் சரி. பாவி மனுஷனுக்கு மீதி மட்டும் தெரியவில்லை.

மறு வருஷம் பழச்சாறு. 'திராட்சை பிழிஞ்சு வச்சிருக்கேன், புளிக்கறதுக்குள்ள வந்துருங்க.' அதில் சிவப்புப் பேனா ஓடியது: 'பின்பாதி தேவையில்லை. தள்ளுபடி.' அடுத்து ஆங்கிலத்து 'அதிகம்'. அதற்கு நூற்றுச் சொச்சம் அட்டை வந்து குவிந்ததில் எதற்கு என்ன எழுதினோம் என்று அவருக்கே நினைவில்லை. பெரும்பாலும் தள்ளுபடி. ஒரு கட்டு வீட்டுக்கும் போயிற்று.

கடைசியாக 'இப்போது'. இந்த வருஷ ஆரம்பத்தில். அன்றைக்கு டைப்பிஸ்ட் அட்டைகளோடு வந்தவள் போகாமல் நின்றாள். மகள் போன பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவள், பழைய கதை ஒன்றும் தெரியாது.

"சார், இதுல ஒரு அட்டை... இவங்க முன்னாடியும் எழுதியிருக்காங்க. இந்தத் தடவை முகவரி மாறியிருக்கு. ஆஸ்பத்திரி வார்டு, கட்டில் நம்பர் போட்டிருக்காங்க. எனக்கு என்னமோ..."

"பேரைச் சொல்லாதே!"

"பேர் சொல்லல சார், முகவரிதான்..."

"முகவரி எனக்கு எதுக்கு? நான் என்ன தபால்காரனா? அட்டையை வச்சிட்டுப் போம்மா."

வைத்துவிட்டுப் போனாள். அந்த அட்டையில் இருந்தது: 'இப்பவே வாங்க. அப்புறம் வந்தா நான் இருக்க மாட்டேன்.' கத்தரி உதட்டைப் பிதுக்கினார். 'நாடகத்தனம். இப்படி யாரும் பேசுவதில்லை. தள்ளுபடி' என்று எழுதினார். பக்கத்துத் தெருக் கடைக்காரர் ஒருவர் அனுப்பிய 'இப்பத்தான் கடையைத் திறந்தேன், அதுக்குள்ள கடனா?' ஏற்பு ஆயிற்று.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு மத்தியானம், வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்துகொண்டு ஓர் ஆள் உள்ளே வந்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. தாடி. அந்த லாரி டிரைவர்தான் என்று கத்தரி அடையாளம் கண்டுகொள்ள ஒரு நிமிஷம் ஆயிற்று. கண்டுகொண்டதும் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். கோபத்தில் இல்லை. 'வந்துட்டாங்க' என்று உள்ளே ஏதோ ஒன்று எகிறிக் குதித்தது. அவனுக்குப் பின்னால் படியில் இன்னொருத்தி ஏறி வருகிறாளா என்று அவர் கண் தேடியது.

"அவ எங்க?"

மருமகன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தான். "இதை உங்ககிட்டத் திருப்பிக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். போன மாசம் ஒம்பதாம் தேதி போயிட்டா. நெஞ்சுல சளி கட்டி, அது முத்திப்போய்... ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில இருந்தா."

உறைக்குள் இருந்தது ஆபீசின் நன்றி அட்டை. 'தங்கள் வாக்கியம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.' ரப்பர் ஸ்டாம்ப் கையெழுத்து, தொட்டுத் தொட்டு மங்கிப்போயிருந்தது.

கத்தரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ எனக்கு எழுதவே இல்லையே," என்றார். குழந்தை சாதிக்கிற மாதிரி திரும்பவும் சொன்னார். "ஒரு வரி எழுதலையே!"

"நாலு வாட்டி எழுதினா. நீங்கதானே சொன்னீங்களாம், ஆபீசுக்கு வேலை விஷயமா எழுதுன்னு. நூலகத்துல உங்க சுற்றறிக்கையைப் பாத்துட்டு வருவா. அது வந்தா அவளுக்கு அன்னைக்குத் திருவிழாதான். பேரை எடுத்துடுவாங்கன்னு நான் சொன்னேன். 'பேர் எதுக்கு? எங்கப்பா ஒரு வரியப் பாத்தா ஆளைச் சொல்லிடுவார், என் பேச்சு தெரியாதா அவருக்கு?'ன்னா." அவன் மேசைமேல் இருந்த உறையைக் காட்டினான். "இந்த அட்டை வந்ததும் நீங்க மன்னிச்சிட்டீங்கன்னு நினைச்சிட்டா. வீட்டுக் கதவு நெஜத்துல நீலம், வரிக்கு அழகா இருக்கட்டும்னு பச்சைன்னு எழுதியிருந்தா. அப்பா வந்து பச்சைக் கதவைத் தேடுவாருன்னு அன்னைக்கே பெயிண்ட் வாங்கி அடிக்கச் சொன்னா. அப்புறம் நீங்க வரவே இல்ல."

டைப்பிஸ்ட் தன் அறையிலிருந்து பேரேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். கத்தரி அவளைப் பார்க்கத் திராணியில்லாமல் தரையில் உட்கார்ந்து செருப்புப் பெட்டிகளை இழுத்தார். அவள் விம்மலோடு பேரேட்டிலிருந்து படித்த எண்களைத் தேடி அட்டைகளை வாரி இறைத்தார். பழச்சாறு கிடைத்தது. 'இப்போது' கிடைத்தது. மூலையில் டைப்பிஸ்ட் குத்திய தேதி முத்திரை. விரல் விட்டு எண்ணினார். மகள் போவதற்குப் பதினெட்டு நாள் முன்னால். பஸ்ஸில் ஏறியிருந்தால் ஒரு ராத்திரிப் பயணம் என்று மருமகன் சொன்னான். கேட்காமலேயே சொன்னான்.

'அதிகம்' மட்டும் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

"அதுல என்ன எழுதினா?" என்று கேட்டார்.

"எனக்குக் காட்டல. சிரிச்சுக்கிட்டே கவரை ஒட்டினா."

வீட்டுக்கு வரச்சொல்லிக் கையைப் பிடித்தார். அவன் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டான். "அவ இல்லாம அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் மாமா. தப்பா எடுத்துக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே குனிந்து வெளியே போனான்.

அன்றைக்கு அவர் நடந்தே வீட்டுக்குப் போனார். ஐஸ் கடையைத் தாண்ட முடியாமல் எதிர்ப்பக்கம் போய் நடந்தார். செருப்பைக் கழற்றும்போது மனைவி வழக்கம்போலக் கேட்டாள்.

"ஏதாச்சும் வந்துச்சாங்க?"

ஐந்து வருஷமாக எரிந்து விழுந்த வாய், "வந்துச்சும்மா" என்றது.

அவள் முகம் மலர்ந்ததே, அதைத்தான் அவர் சாகிறவரை மறக்கமாட்டார். ஒரே ஒரு நொடி. அதற்குள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். பிறகு அவர் சொன்னார். எப்படிச் சொன்னார், எந்த வார்த்தையில் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அவள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அலறல் வந்தது, அடங்கியது, மறுபடி வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தொடப் பயமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து அவள் கையை நீட்டினாள். "குடுங்க. என் பொண்ணு எழுதினதைக் குடுங்க."

கொடுத்தார். பாலத்து வரி அவளுக்கு அன்றைக்கே தெரியும். பழச்சாற்றைப் படித்தாள். 'இப்பவே வாங்க' அட்டையை இரண்டு தடவை படித்தாள். அதற்குக் கீழே இருந்த சிவப்பு எழுத்தை விரலால் தொட்டாள்.

"இது என்ன? கண்ணு மறைக்குது, படிங்க."

"வேணாம்மா."

"படிங்கன்னா!"

படித்தார். "நாடகத்தனம். இப்படி யாரும் பேசுவதில்லை."

அவள் முகத்தைத் திருப்பினாள். சுவரில் அடித்திருந்த ஆணியையே பார்த்தாள். மளிகை எழுதிய அட்டைகளை அதில் குத்தி வைப்பது அவள் வழக்கம், வாங்கி முடித்தாலும் எடுக்கமாட்டாள். திடீரென்று எழுந்து போய் ஆணியோடு பிய்ப்பதுபோல் மொத்தத்தையும் உருவினாள். தரையில் போட்டு ஒவ்வொன்றாகத் திருப்பினாள். துவரம்பருப்பு, திருப்பு. சோப்பு ரெண்டு, தீப்பெட்டி, திருப்பு. அவரும் குனிந்து திருப்ப ஆரம்பித்தார்.

அரைக் கிலோ சர்க்கரை, கால் கிலோ ரவை என்று எழுதியிருந்த அட்டையைத் திருப்பியபோது அவள் கை நின்றது. எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும் டைப் எழுத்து தெளிவாக இருந்தது. அவளே வாய்விட்டுப் படித்தாள்.

"எல்லாரையும்விட எனக்கு அப்பாவைத்தான் அதிகமாப் பிடிக்கும். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

கீழே சிவப்பு மசியில்: 'இப்படி யாரும் பேசுவதில்லை. தள்ளுபடி.'

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவள் அட்டையைப் புடவையில் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள், எண்ணெய்க் கறை போகவில்லை.

"பேசுவாங்க," என்றாள். "என் பொண்ணு இப்படித்தான் பேசுவா. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."